மத்னும் நிரலும்: ஒரு சிறு நூலை முன்வைத்து

கி.பி. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ எழுதிய அல்ஜப்ரு நூலின் பெயரிலேயே 'முக்தஸர்' என்னும் சொல் இடம்பெற்றிருக்கின்றது. சுருக்க நூல் என்பது அதன் பொருள். கலீஃபா மஃமூனின் ஊக்கத்தால் இதனை எழுத முற்பட்டதாகக் கூறும் ஆசிரியர், பாகப்பிரிவினை, மரண சாசனம், வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் முதலியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்குகளை எளிய வடிவில் தருவதே தம் நோக்கம் என முன்னுரையில் தெரிவிக்கின்றார். நூலின் ஒரு பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. அவருடைய கணித நூல்கள் இலத்தீனுக்குச் சென்றபோது அவர் பெயர் திரிந்து 'அல்காரிதம்' ஆயிற்று. இன்று கணிப்பொறித் துறையினர் நாள்தோறும் உச்சரிக்கும் சொல் அது. ஆனால் அச்சொல்லுக்கு உரியவர் ஒரு முக்தஸரின் ஆசிரியர் என்பதை அவர்களும் எண்ணுவதில்லை, முக்தஸர்களைப் பழிக்கும் நம்மவர்களும் எண்ணுவதில்லை.

அரபுக் கல்லூரிப் பாடத்திட்டத்தைக் குறைகூறுவோர் நம்மீது நெடுங்காலமாகச் சுமத்திவரும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று, சுருக்கமான மத்ன்களை மனனம் செய்வித்து மாணவரின் சிந்தனையை மழுங்கச் செய்கின்றோம் என்பது. சான்றுக்கு இப்னு கல்தூனையும் அழைத்து வருவர். அவர்களே தம் பிள்ளைகள் கணிப்பொறி பயில வேண்டுமெனில், "பெரிய புத்தகம் வேண்டாம், சிறியதாக ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்கின்றனர். இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. அத்துறையிலும் சுருக்க நூல்களுக்கே மதிப்பு அதிகம். சி என்னும் கணிப்பொறி மொழிக்கு கெர்னிகன், ரிச்சி ஆகிய இருவரும் 1978இல் எழுதிய நூல் முந்நூறு பக்கத்தை எட்டாதது. இன்றும் அதனை ஒரு மூல நூலாகவே போற்றுகின்றனர். ஆகவே சுருக்கம் நல்லதா தீயதா என்று பொதுவில் வாதிடுவதில் பயனில்லை. எத்தகைய சுருக்கம் கற்பிக்கின்றது, எத்தகைய சுருக்கம் கெடுக்கின்றது என்பதே கேள்வி. இதனை ஒரு குறிப்பிட்ட நூலைக் கொண்டு ஆராய்வது தகும்.

நான் எடுத்துக்கொண்ட நூல் 'தி நோட் பிகினர் புக்'. ஆசிரியர் ஜெர்மனியைச் சேர்ந்த மென்பொருளாளர் மானுவேல் கீஸ்லிங். 2011இல் இணையத்தில் வெளிவரத் தொடங்கியது. நூறு பக்கத்தை எட்டாத இந்நூல், வழங்கிப் பக்கத்து நிரலாக்கத்தை நோட் ஜேஎஸ் என்னும் தளத்தின் வழியே கற்பிக்கின்றது. எங்கள் மாணவர் மூவர் இதனைத் தாமே படித்துக்கொண்டு வந்து ஐயம் கேட்டதால்தான் நான் இதனுள் நுழைய நேர்ந்தது. ஐயம் தீர்ப்பதற்குப் பதிலாக நானும் நான்காவது மாணவனானேன்.

துறை பழகாதவர்க்காக ஒரு சொல். நாம் உலாவியில் ஒரு முகவரியை இடும்போது தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறிக்குக் கோரிக்கை செல்கின்றது. அக்கணிப்பொறி அதனை ஆராய்ந்து மறுமொழி அனுப்புகின்றது. கோரிக்கையைப் பெறுவது முதல் மறுமொழி அனுப்புவது வரை அங்கே நிகழ்வதை எழுதுவதே வழங்கிப் பக்கத்து நிரலாக்கம். ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் உலாவிக்கென்று பிறந்த மொழி. 2009இல் ரையன் டால் என்பவர், கூகுள் தன் குரோம் உலாவிக்காக உருவாக்கிய வி8 என்னும் பொறியை எடுத்து, அம்மொழியை வழங்கியிலும் இயங்கச் செய்தார். அதுவே நோட் ஜேஎஸ்.

கீஸ்லிங்கின் முறை எளியது. நூல் முழுவதும் ஒரே ஒரு செயலி. ஒருவர் 'ஸ்டார்ட்' என்ற முகவரிக்கு வருகின்றார், ஒரு படிவத்தில் தம் கணிப்பொறியிலுள்ள படம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றார், அது 'அப்லோட்' என்ற முகவரிக்குச் செல்கின்றது, பின் அப்படம் திரையில் காட்டப்படுகின்றது. அவ்வளவே. முதலில் ஆறே வரியில் ஒரு வழங்கி எழுதப்படுகின்றது. 8888 என்னும் வாயிலில் காத்திருந்து எவர் வந்தாலும் ஒரே வாழ்த்தைச் சொல்லும் வழங்கி. பிறகு அந்த ஆறு வரியைத் தனிக்கோப்பாக்கி, முகவரியைப் பார்த்து வழிப்படுத்தும் ரவுட்டரைச் சேர்த்து, ஒவ்வொரு முகவரிக்கும் உரிய செயற்கூறுகளை எழுதி, படிப்படியாகக் கட்டிக்கொண்டு போகின்றார்.

இவ்வொழுங்கு நமக்குப் பழக்கமானதே. ஃபாஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம் (ஹிஜ்ரி 672 - 723) தம் சிறு நூலை 'கலாம்' எது என்பதற்கு நான்கு நிபந்தனைகள் கூறித் தொடங்குகின்றார். உடனே அதனை இஸ்மு, ஃபிஅலு, ஹர்ஃபு என மூன்றாகப் பகுக்கின்றார். பிறகு ஒவ்வொன்றின் அடையாளம், அதன் பின் இஃராப். பின்னால் வருவதெல்லாம் முதல் பகுப்பின் மேல் நிற்கின்றது. அந்நூல் சுருங்கியதாக இருப்பதற்கு ஆசிரியர் செய்திகளைத் தூக்கி எறிந்தது மட்டும் காரணமன்று. எதை முதலில் வைத்தால் எதைப் பிறகு விளக்க வேண்டியிராது என்று அவர் அறிந்திருந்ததே பெரிய காரணம். கீஸ்லிங்குக்கும் இந்த அறிவு வாய்த்திருக்கின்றது. அரபு அறியாத ஒருவரிடம் இதனைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

நூலில் நான் மிகவும் ரசித்த இடம் பெயருக்கும் வினைக்கும் இடையிலான வழக்கு. ஸ்டீவ் யெகி என்னும் நிரலாளர் 2006இல் எழுதிய ஒரு நையாண்டிக் கட்டுரையைக் கீஸ்லிங் துணைக்கு அழைக்கின்றார். ஜாவா போன்ற மொழிகளில் வினைகள் தனியே தெருவில் நடமாட முடியாது, ஒவ்வொரு வினையும் ஒரு பெயரின் காவலில்தான் செல்ல வேண்டும் என்பது அக்கட்டுரையின் சாரம். ஜாவாஸ்கிரிப்டில் அப்படியில்லை. ஒரு செயற்கூற்றை, அதாவது ஒரு வினையை, அப்படியே இன்னொரு செயற்கூற்றின் கையில் கொடுத்துவிடலாம். பெயர்களின் அரசு அன்று, வினைகளின் அரசு என்கிறார் ஆசிரியர்.

இவ்விடத்தில்தான் மாணவர்கள் இடறினர். வழங்கியைத் தொடங்கும்போது ரவுட்டரின் செயற்கூற்றை அதன் பெயரால் மட்டும் கொடுக்க வேண்டும். பெயரின் பின்னே பிறை அடைப்பை இட்டுவிட்டால் அது அக்கணமே இயங்கி, இயங்கியதன் விளைவைத்தான் கொடுக்கும். ஒரு சிறு அடைப்பு. அதனால் முழுச் செயலியும் விழுந்துவிடுகின்றது. ஆசிரியர் இதனை எடுத்துக்காட்டினால் காட்டுகின்றாரே அன்றி இலக்கணமாகச் சொல்வதில்லை. நான் கரும்பலகையில் இரு சொற்களை எழுதினேன்: 'கிதாபத்', 'கத்தப'. எழுதுதல், எழுதினான். முன்னது மஸ்தர். செயல் உண்டு, காலம் இல்லை. ஆகவே அது எழுவாயாகலாம், செயப்படுபொருளாகலாம், ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறலாம். பின்னது ஃபிஅலு. செயலும் உண்டு, காலமும் உண்டு. அது நிகழ்ந்தாயிற்று. தமிழிலக்கணம் பயின்றோர் தொழிற்பெயர், வினைமுற்று என்பர். அடைப்பில்லாத பெயர் மஸ்தர், அடைப்போடு வருவது ஃபிஅலு. இதற்குப் பின் அம்மூவரில் எவரும் அத்தவற்றைச் செய்யவில்லை.

பஸரா, கூஃபா அறிஞர்களுக்கு இடையே நிகழ்ந்த பழைய விவாதம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. மூலம் எது, மஸ்தரா ஃபிஅலா? அபுல் பரகாத் இப்னுல் அன்பாரீ (மறைவு ஹிஜ்ரி 577) தம் 'அல்இன்ஸாஃப்' நூலில் இரு தரப்பு வாதங்களையும் தொகுத்திருக்கின்றார். மஸ்தர் செயலை மட்டும் குறிக்கின்றது, ஃபிஅலோ செயலையும் காலத்தையும் சேர்த்துக் குறிக்கின்றது, தனித்தது கூட்டியதற்கு முந்தியது, ஆகவே மஸ்தரே மூலம் என்பது பஸராவின் வாதங்களுள் ஒன்று. வினையின் எழுத்து மாற்றங்களை மஸ்தர் பின்பற்றுவதால் வினையே மூலம் என்பது கூஃபாவின் மறுமொழி. இதனையெல்லாம் இந்த நூற்றாண்டில் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் மாணவனுக்கு இதுநாள் வரை நான் சொல்லிவந்த பதில் எனக்கே நிறைவளித்ததில்லை. நிரலில் பஸராவே வென்றிருக்கின்றது என்று இப்போது சொல்ல முடிகின்றது. செயற்கூறு முதலில் வரையறுக்கப்பட்டுக் காலமின்றிக் கிடக்கின்றது. அழைக்கப்படும்போதுதான் காலத்துக்குள் வருகின்றது. (கூஃபாவின் வாதத்தை விரும்பும் நண்பர்கள் என்னைப் பொறுத்தருள்க.)

காலம் என்றதும் நூலின் நடுப்பகுதிக்கு வருகின்றோம். அதுவே இதன் உயிர்ப்பகுதி. நோட் ஜேஎஸ்ஸில் நாம் எழுதும் நிரல் ஒரே இழையில் ஓடுகின்றது. கோரிக்கை ஆயிரம் வந்தாலும் நம் நிரலை இயக்குவது ஒருவரே. அவர் எங்கேனும் நின்றுவிட்டால் அனைவரும் நிற்க வேண்டியதுதான். இதனை ஆசிரியர் சொல்லி நம்பவைக்க முயல்வதில்லை. 'ஸ்டார்ட்' முகவரிக்குரிய செயற்கூற்றில் பத்து விநாடி வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சுழலை வேண்டுமென்றே வைக்கின்றார். உலாவியில் இரு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் 'ஸ்டார்ட்', உடனே மற்றொன்றில் 'அப்லோட்' என இடச் சொல்கின்றார். இரண்டாவதில் எந்தத் தாமதமும் வைக்கப்படவில்லை. ஆயினும் அதுவும் ஏறத்தாழப் பத்து விநாடி கழித்தே பதில் தருகின்றது. ஒருவரின் தாமதம் தொடர்பே இல்லாத இன்னொருவர் மீது விழுவதைக் கண்ணால் காண்கின்றோம்.

அடுத்து, தாமதமான வேலையைப் பின்னணிக்கு அனுப்பும் வழியைக் காட்டுகின்றார். அதையும் முதலில் தவறாகவே செய்கின்றார். ஒரு மாறியில் 'வெறுமை' என்ற பொருளுடைய சொல்லை இட்டுவைத்து, அடைவிலுள்ள கோப்புகளைப் பட்டியலிடுமாறு இயங்குதளத்தைப் பணித்து, அப்பட்டியலை மாறியில் இட்டுத் திருப்பி அனுப்புவதாக நிரல் அமைகின்றது. படிக்கும்போது சரியாகவே தோன்றும். இயக்கினால் திரையில் 'வெறுமை' என்றே வருகின்றது. ஏனெனில் பட்டியல் வருமுன்பே மாறி திரும்பிப் போய்விட்டது. அதன் பிறகு ஆசிரியர் தம் கட்டட அமைப்பையே மாற்றுகின்றார். விளைவை வழங்கியிடம் கொண்டு வந்து கொடுப்பதற்குப் பதிலாக, மறுமொழி கூறும் அதிகாரத்தையே செயற்கூற்றின் கையில் ஒப்படைத்துவிடுகின்றார். வேலை என்று முடிகின்றதோ அன்று அதுவே பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

தவற்றைச் செய்து காட்டிக் கற்பித்தல் நல்ல உஸ்தாதின் இலக்கணம். நஹ்வு வகுப்பில் வேண்டுமென்றே தவறான ஹரக்கத்துடன் ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு மாணவர்களின் முகத்தைப் பார்க்கும் ஆசிரியரை நாம் அனைவரும் கண்டிருப்போம். அச்சிட்ட நூலில் இதனைச் செய்வது அரிது. பக்கம் வீணாகும் என்ற அச்சம் சுருக்க நூலாசிரியருக்கு இயல்பு. கீஸ்லிங் சுருங்கச் சொல்பவராயினும் தவறுக்குப் பக்கம் ஒதுக்கத் தயங்கவில்லை. ஒரு கோரிக்கைக்கு வழங்கி இருமுறை விழித்துக்கொள்வது ஏன் என்னும் சிறு ஐயத்தைக்கூட அவர் விடவில்லை. பக்கத்துக்குரிய சிறு சின்னப் படத்தை உலாவி தானாகவே கேட்பதுதான் காரணம் என்று ஒரு வரியில் தீர்க்கின்றார். தனியே படிக்கும் ஒருவன் அந்த இடத்தில் அரை நாளைத் தொலைத்திருப்பான்.

இனி இப்னு கல்தூன். 1377இல் எழுதிய அல்முகத்திமாவில், கல்விக்கு ஊறு விளைப்பவற்றுள் ஒன்றாக முக்தஸர்களின் பெருக்கத்தை அவர் கூறியிருப்பது உண்மையே. ஃபிக்ஹிலும் உஸூலிலும் இப்னுல் ஹாஜிபையும், அரபு இலக்கணத்தில் இப்னு மாலிக்கையும், தர்க்கத்தில் கூனஜீயையும் பெயர் சொல்லியே சுட்டுகின்றார். ஆனால் அவருடைய மறுப்பு பக்க எண்ணிக்கையைப் பற்றியதன்று. செறிந்த சொற்களைப் பிரித்துப் பொருள் காண்பதிலேயே மாணவனின் ஆற்றல் கழிந்துவிடுகின்றது, ஒரு கலையின் முடிந்த முடிபுகளை ஏற்கும் தகுதி வருமுன்பே அவை அவன்மேல் சுமத்தப்படுகின்றன, ஆகவே கிடைக்கும் 'மலகத்' என்னும் திறன் குறையுடையதாகின்றது என்பதே அவர் வாதம். அதே நூலில் அவர் பரிந்துரைக்கும் வழி மும்முறை ஓதுதல். முதல் முறை கலையின் தலைப்புகளைச் சுருக்கமாக, இரண்டாம் முறை விளக்கத்துடனும் கருத்து வேறுபாடுகளுடனும், மூன்றாம் முறை எந்தச் சிக்கலையும் தீர்க்காமல் விடாதவாறு. முதல் முறைக்குச் சுருக்கம்தானே தேவை? அவரை மத்ன்களின் பகைவராகக் காட்டுவோர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை போலும்.

இவ்வளவுகோலால் கீஸ்லிங் நூலை அளந்தால் முதல் குற்றச்சாட்டிலிருந்து அது விடுபடுகின்றது. சொற்சிக்கல் இல்லை. உரையாடுவது போன்ற நடை. இரண்டாவதில் முழுமையாக விடுபடவில்லை. ஜாவா, பைத்தான், ரூபி, பிஹெச்பி போன்ற ஏதேனும் ஒரு மொழியில் பழக்கமுள்ளவருக்கே இந்நூல் என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகின்றார். நேர்மையான அறிவிப்பு. தலைப்பிலுள்ள 'பிகினர்' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்குவோர் அதனைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். எங்கள் மாணவர்களும் தாண்டினர்.

ஆனால் என் மனக்குறை வேறு. அதனைச் சொல்ல நமது பலாகத் நூல்களின் துணை வேண்டும். ஸக்காகீயின் பெருநூலைத் தழுவி 'தல்கீஸ்' எழுதிய கத்தீப் கஸ்வீனீ (மறைவு ஹிஜ்ரி 739), கருத்துக்கும் சொல்லுக்கும் உள்ள உறவை மூன்றாகப் பகுக்கின்றார். சொல் கருத்துக்குக் குறைந்தும் கருத்து நிறைவாக விளங்கினால் ஈஜாஸ், சமமானால் முஸாவாத், பயன் கருதி மிகுந்தால் இத்னாப். கருத்து நிறையாதவாறு சொல் குறைந்தால் அதற்கு ஈஜாஸ் என்ற சிறப்புப் பெயர் கிடையாது. அது இக்லால், அதாவது சிதைவு. இத்தனைக்கும் தல்கீஸே ஒரு சுருக்க நூல். சுருக்குவோரே சுருக்கத்துக்கு எல்லை வகுத்துக்கொண்டனர்.

நூலின் உச்சக்கட்டமாகிய படம் ஏற்றும் பகுதியில் இந்த இக்லால் இருக்கின்றது. பயனர் அனுப்பும் கோப்பு, 'டெஸ்ட்' என்னும் ஒரே நிலையான பெயரில், தற்காலிகக் கோப்புகளுக்கான பொது அடைவில் வைக்கப்படுகின்றது. வந்தது படம்தானா என்று பார்க்கப்படுவதில்லை. எவ்வளவு பெரியது என்று நம் நிரல் கேட்பதில்லை. இரண்டாமவர் ஏற்றியதும் முதலாமவரின் படம் அழிந்து அதனிடத்தில் இது அமர்கின்றது. அதன் பின் எவர் பார்த்தாலும் இரண்டாமவரின் படமே தெரியும். நான் படித்த பதிப்பின் முடிவுரையில், தரவுத்தளம், சோதனை நிரல்கள் போன்று தாம் பேசாது விட்டவற்றை ஆசிரியர் ஒப்புக்கொள்கின்றார். அப்பட்டியலில் இக்குறை இல்லை.

இது வெறும் ஏட்டு ஐயமன்று. ஓர் அரபுக் கல்லூரியின் மாணவர் சேர்க்கைக்கு இணையப் படிவம் ஒன்றை மாணவர்களே அமைத்தனர். விண்ணப்பிப்பவர் பள்ளி மாற்றுச் சான்றிதழைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். நூலில் பயின்ற அமைப்பை அப்படியே எடுத்தாண்டனர். நல்ல வேளையாக அது முன்னோட்ட நாள். அலுவலகத்தில் இரு தந்தையர் தத்தம் கைப்பேசியில் முயன்றனர். முதலாமவர் பக்கத்தைப் புதுப்பித்தபோது முன்பின் அறியாத ஒரு பையனின் பெயரும் பிறந்த தேதியும் மதிப்பெண்களும் அவர் கையில் தெரிந்தன. தம் மகனின் சான்றிதழோ வழங்கியில் இல்லை. மாணவனைக் கேட்டபோது அவன் சொன்ன பதில்: "ஹஜ்ரத், கிதாபில் அப்படித்தான் இருக்கிறது."

கிதாபில் அப்படித்தான் இருந்தது. நிரல் பிழைச்செய்தி ஏதும் தரவில்லை. கணிப்பொறி ஓர் உஸ்தாத் போல உடனுக்குடன் திருத்தும் என்று இத்துறையினர் பெருமையுடன் கூறுவர். அது பாதி உண்மை. ஒரு மாறியின் பெயரைத் தவறாக எழுதினால் கணிப்பொறி கண்டிக்கும். ஒருவர் நம்பி ஒப்படைத்த ஆவணத்தை இன்னொருவருக்குக் காட்டினால் அது ஒன்றும் சொல்லாது. இஃராப் பிழையற்ற வாக்கியத்தில் பொய் சொல்ல முடியும் என்பதை நஹ்வு ஆசிரியன் அறிவான்.

இங்கே ஃபிக்ஹு மத்ன்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றேன். அபூஷுஜாஃ அவர்களின் மத்ன் ஷாஃபிஈ மத்ஹபில் மிகச் சிறிய பாடநூல்களுள் ஒன்று. அதில் தொழுகையின் ருக்னுகள் 18 என எண்ணப்படுகின்றன. ஆதாரமும் இல்லை, விளக்கமும் இல்லை, கருத்து வேறுபாடும் இல்லை. அவையெல்லாம் விரிவுரைகளுக்கு விடப்பட்டவை. ஆயினும் தொழுகையை முறிப்பவை 11 என்பதை அம்மத்ன் விட்டுவிடவில்லை. ஏனெனில் எப்படிச் செய்வது என்று மட்டும் அறிந்து, எதனால் பாழாகும் என்று அறியாதவனின் தொழுகைக்கு அந்நூல் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். ஆதாரத்தை நீக்கலாம், நிபந்தனையை நீக்கலாகாது என்னும் இவ்வரம்பை நம் மத்ன் ஆசிரியர்கள் மிகக் கவனமாகக் காத்திருக்கின்றனர்.

ஆசிரியரின் தரப்பில் ஒன்று கூறலாம். தொடக்க மாணவன்மீது பாதுகாப்பு நுணுக்கங்களைச் சுமத்தினால் அவன் மிரண்டுவிடுவான். தகுதிக்கு முன் சுமத்தாதே என்று இப்னு கல்தூனே சொல்லவில்லையா? இது வலுவான வாதம். நானும் சில நாள் இதில் தடுமாறினேன். ஆனால் தேவைப்படுவது விளக்கமன்று. ஒவ்வொரு கோப்புக்கும் புதுப் பெயரை நாமே இடுதல், பயனர் தந்த பெயரை நம்பாமை, அளவுக்கு வரம்பு வைத்தல், படமல்லாததைத் திருப்பி அனுப்புதல், அவரவர் கோப்பை அவரவர்க்கே காட்டுதல். நிரலில் எழுதாவிட்டாலும், 'இவையின்றி இதனைப் பொதுவில் வைக்காதீர்' என்று ஒரு வாக்கியம் போதும். உலாவியின் சின்னப் படத்துக்கு ஒரு வரி கிடைத்த நூலில் இதற்கும் ஒரு வரி கிடைத்திருக்கலாம்.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடன் பத்திரம் எழுதுவது பற்றியது. எழுதுபவர், சொல்பவர், அவருக்கு இயலாவிடில் அவருடைய பொறுப்பாளர், சாட்சிகள், சிறியதாயினும் பெரியதாயினும் தவணை குறித்து எழுதுதல் என ஒவ்வொன்றும் பிரித்துச் சொல்லப்படுகின்றது. ஈஜாஸின் உச்சமாகிய வேதம், மனிதர்களின் உரிமை ஏட்டில் ஏறும் இடத்தில் இத்னாபைத் தேர்ந்துகொண்டிருக்கின்றது.

இந்நூலின் வயது பற்றியும் கூற வேண்டும். நோட் ஜேஎஸ்ஸின் பதிப்பு எண் பூஜ்யத்தில் தொடங்கிய காலத்தில் எழுதப்பட்டது இது. முகவரியைப் பிரிக்க ஆசிரியர் கையாளும் செயற்கூறு இன்று கைவிடத்தக்கதாக ஒதுக்கப்பட்டுள்ளது. கோப்புகளைப் பெற அவர் துணைக்கொள்ளும் 'ஃபார்மிடபிள்' என்னும் தொகுப்பில், கோப்பிருக்கும் இடத்தைக் குறிக்கும் சொல்லே மாறிவிட்டது. நூலில் உள்ளபடி தட்டச்சு செய்தால் இன்று இயங்காது. ஒன்றினுள் ஒன்றாகச் செயற்கூறுகளைக் கோத்துச் செல்லும் அவரது நடைக்கு மாற்றாக, 2017 முதல் 'அசிங்க், அவெய்ட்' என்னும் எளிய வழி நோட் ஜேஎஸ்ஸில் பரவலாயிற்று. ஆஜுர்ரூமிய்யா எழுநூறு ஆண்டுகளாக ஓதப்படுகின்றதே என்று ஒப்பிடுவது நியாயமாகாது. அரபு இலக்கணம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வெளியிடுவதில்லை.

நோட் ஜேஎஸ்ஸை உருவாக்கிய ரையன் டாலே 2018இல் பெர்லினில் ஓர் உரையாற்றி, அதில் தாம் வருந்தும் தவறுகளை வரிசைப்படுத்தினார். பாதுகாப்பைத் தொடக்கத்திலேயே சிந்திக்காதது அவற்றுள் ஒன்று. அவ்வுரையிலேயே டீனோ என்னும் புதிய தளத்தை அறிமுகப்படுத்தினார். அதில், அனுமதி தரப்படாமல் நிரல் எந்தக் கோப்பையும் தொட முடியாது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பக்தாதுக் காலத்துக் 'கதீம்' கருத்துகளையும் எகிப்தில் கூறிய 'ஜதீத்' கருத்துகளையும் பிரித்தறியப் பழகிய மாணவனுக்கு, மூலவரே தம் சொல்லிலிருந்து மீளக்கூடும் என்பது அதிர்ச்சி தராது. எது பழையது, எது புதியது, பழையதில் எது இன்னும் நிலைத்திருக்கின்றது என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

அவ்வாறு கேட்டால், இந்நூலின் சட்டகம் நிலைத்திருக்கின்றது. பத்து விநாடிச் சுழல் சோதனையை இன்றைய பதிப்பில் செய்து பார்த்தோம். இரண்டாவது சாளரம் இன்றும் காத்துத்தான் நிற்கின்றது. மஸ்தரும் ஃபிஅலும் மாறவில்லை. மாறியவற்றுக்குத் தேவை இன்னொரு நூலன்று, ஒரு ஷரஹ். பொன்னானியின் ஜைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் 'குர்ரத்துல் ஐன்' என்னும் மத்னை எழுதி, அது தனித்து நில்லாது என்று கண்டு 'ஃபத்ஹுல் முயீன்' என்ற விரிவுரையையும் தாமே எழுதினார். அதற்கும் மக்காவில் 19ஆம் நூற்றாண்டில் நான்கு பாகங்களில் ஹாஷியா தேவைப்பட்டது. கீஸ்லிங்கும் இதன் தொடர்ச்சியாக 'தி நோட் கிராஃப்ட்ஸ்மன் புக்' என்ற நூலை எழுதியிருக்கின்றார். சோதனை நிரல்கள், தரவுத்தளம் ஆகியன அங்கே வருகின்றன. அதனை முழுமையாகப் படித்தபின் பேசுவதே முறை என்பதால் இங்கே பெயர் மட்டும் சுட்டுகின்றேன்.

இந்நூலை மும்முறை ஓதுமாறு மாணவர்களிடம் கூறினேன். முதல் முறை நூலில் உள்ளபடி, பழகிப்போனவற்றை மட்டும் மாற்றிக்கொண்டு. இரண்டாம் முறை உடைத்துப் பார்க்க: படத்துக்குப் பதில் உரைக்கோப்பை ஏற்றுதல், ஒரே நேரத்தில் இருவர் ஏற்றுதல், மிகப் பெரிய கோப்பை அனுப்புதல். மூன்றாம் முறை நூலை மூடிவைத்து, முதல் வரியிலிருந்து தாமே எழுதுதல். இரண்டாம் முறைதான் அதிக நாள் எடுத்தது. முதல் இருவர் மூன்றாம் முறையை முடித்துவிட்டனர். மூன்றாமவன் இன்னும் இரண்டாவதிலேயே இருக்கின்றான். அவன்தான் முன்னோட்ட நாளில் அந்தப் படிவத்தை அமைத்தவன்.

கல்லூரி நூலகத்தில் இந்நூலின் படியெடுத்த பிரதி ஒன்று இப்போது இருக்கின்றது. கோப்புக்குப் பெயரிடும் வரிக்கு எதிரே, ஓரத்தில், அவனுடைய கையெழுத்தில் அரபியில் 'ஃபீஹி நழர்' என்று எழுதப்பட்டிருக்கின்றது. 'இதில் ஆய்வுக்கு இடமுண்டு' என்பது நம் ஹாஷியா ஆசிரியர்களின் வழக்குச்சொல். அதன் கீழே வேறொருவர் பென்சிலால் ஐந்து வரி நிரல் எழுதியிருக்கின்றார். அதில் மூன்றாம் வரி தவறு. நான் இன்னும் திருத்தவில்லை.